காரைக்குடியில் சங்கீதம் படிக்கும் மகள் சொந்தப் பாடலைப் பதிவுசெய்து வெளியிட என்ன வழி?

மகளே எழுதி மெட்டமைக்கிறார் என்கிறீர்கள். அருமை! மெட்டு தோன்றிய கையோடு கைபேசியில் பாடி வைக்கட்டும். கோயில் விழா மேடை கிடைத்தால் அங்கேயும் ஒரு சொந்தப் பாட்டைப் பாடிப் பார்க்கட்டும்.

பதிவை வீட்டிலேயே தொடங்கலாம், ஆனால் வளவில், அதாவது வீட்டின் நடு முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரத்தில், வேண்டாம். முட்டை வெள்ளைக்கரு சேர்த்து மெருகேற்றிய செட்டிநாட்டுச் சுவரும் பளிங்குத் தரையும் குரலை அப்படியே திருப்பி அடிக்கும். எதிரொலி ஒருமுறை பதிவாகிவிட்டால் நீக்குவது பெரும்பாடு. மெத்தை, தலையணை, துணிமணி அடுக்கிய சின்ன அறைதான் தோது. மைக்கிலிருந்து ஒரு சாண் தள்ளி நின்று, சுருதியை ஹெட்போனில் மட்டும் கேட்டபடி பாட வேண்டும்.

ஸ்பாட்டிஃபை போன்ற தளங்களுக்கு விநியோக நிறுவனம் வழியாகத்தான் பாடல் போகும். ஒவ்வொரு ஒலிப்பதிவையும் அடையாளம் காட்ட, எழுத்தும் எண்ணுமாக 12 குறிகள் கொண்ட ஐஎஸ்ஆர்சி என்ற சர்வதேசக் குறியீடு உண்டு.

நான் வற்புறுத்திச் சொல்வது ஒப்பந்தம் பற்றி. வரிகள், மெட்டு, ஒலிப்பதிவு மூன்றுக்கும் தனித்தனி உரிமை. 2012 பதிப்புரிமைத் திருத்தத்தின்படி, பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் தங்கள் ராயல்டிப் பங்கை (பாடல் பயன்படும்போது வரும் உரிமைத்தொகையை) நிறுவனத்துக்கு விட்டுக்கொடுப்பதாக எழுதிக் கொடுத்தாலும் அது செல்லாது. பாடலாசிரியர், இசையமைப்பாளர்களுக்கான ராயல்டியை வசூலித்துத் தரும் ஐபிஆர்எஸ் அமைப்பில் உறுப்பினராகி ஒவ்வொரு பாடலையும் பதியச் சொல்லுங்கள். கூட வாசிப்பவர்களுக்கு என்ன பங்கு என்பதையும் பாட உட்காருமுன் எழுத்தில் வாங்கிவிடுங்கள்.