வெள்ளத்தை யார் குடிக்கறது?

அக்கா, வணக்கம். கேரள பார்டர்ல வேலந்தாவளத்துல இருந்து எழுதறேன், பேரு போட வேண்டாம். பையனுக்கு நாலு வயசு, ஜூன்ல எல்கேஜி. வீட்டுல தமிழ், அங்கன்வாடி டீச்சர் மலையாளம், சேர்க்கப்போறது இங்கிலீஷ் மீடியம். இந்த லீவுக்குள்ள ஏதாவது படிக்க வெச்சு அனுப்பலாம்னு ஏபிசிடி சார்ட், அ ஆ சார்ட், காப்பி நோட்டு எல்லாம் வாங்கினேன். நோட்டை எடுத்தாலே மாந்தோப்புக்குள்ள ஓடிடறான். தமிழ் புக்கே வேண்டாம், மூணு பாஷை போட்டு கொழப்பாதேங்கறார் எங்க வீட்டுக்காரர். பகல்ல பையன் மாமியார்கிட்ட, அவங்களுக்குப் படிக்கத் தெரியாது. நான் வேலை முடிஞ்சு வர ஆறு மணி ஆயிடும். எப்படி ஆரம்பிக்கறது? பேரு கூட எழுதத் தெரியலையான்னு ஸ்கூல்ல கேட்டுடுவாங்களோன்னு பயமா இருக்கு.

பதில்:

தங்கச்சி, முதல்ல அந்த காப்பி நோட்டைத் தூக்கிப் பரண்ல போடுங்க. நாலு வயசு விரலுக்குப் பென்சில் புடிக்கற பலம் இன்னும் சரியா வந்திருக்காது, சப்பாத்தி மாவை உருட்டட்டும், புளியங்கொட்டை பொறுக்கட்டும். சித்தூர் தாலுகாவுல தமிழ் மீடியம் ஒண்ணாங்கிளாஸ்லயே வருஷக்கணக்கா இருந்தவ நான். அ எழுதத் தெரியாம வர்ற குழந்தைக்கு ஓணத்துக்குள்ள எழுத வந்துடும். ஆனா கதை சொன்னா காது குடுக்காம, எதைக் கேட்டாலும் வாயே திறக்காம வர்ற குழந்தைய நெனச்சுத்தான் எனக்கு ராத்திரி தூக்கம் வராது.

அதனால இந்த லீவுல நீங்க செய்ய வேண்டியது ஒண்ணே ஒண்ணு, விளக்கு வெச்சப்புறம் ஒரு கால் மணி நேரம், மடியில உக்கார வெச்சு ஒரு படக்கதை, அதுல முக்காவாசிப் பேச்சு அவனோடதா இருக்கணும். 1988-ல அமெரிக்காவுல வைட்ஹர்ஸ்ட்னு ஒருத்தரும் கூட இருந்தவங்களும் ரெண்டு மூணு வயசுக் குழந்தைகளை வெச்சு இதைப் பாத்திருக்காங்க. எல்லா வீட்லயும் புக்கு படிச்சாங்க, ஆனா பாதிப் பேருக்கு மட்டும் எப்படிக் கேள்வி கேக்கறது, குழந்தை சொன்னதை எப்படி நீட்டிச் சொல்றதுன்னு சொல்லிக் குடுத்தாங்க, ஒரே மாசத்துல அந்தக் குழந்தைக பேச்சுல மத்தவங்களை விட பல மாசம் முன்னாடி போயிடுச்சு.

இது என்னன்னு கேட்டா கோழின்னு சொல்லுவான். அதோட பக்கத்தைத் திருப்பிடாதீங்க. ஆமா, செவப்புக் கோழி, குஞ்சுகளைக் கூட்டிட்டு எங்கயோ போகுதே, எங்க போகுது? இப்படிக் கேட்டதுக்கு எங்க பேத்தி ரேஷன் கடைக்குன்னா. எதுக்குடி? அரிசி வாங்க, குஞ்சுக்குப் பசிக்குதுல்ல, அம்மா கோழி கார்டை மறந்துட்டு வந்துடுச்சு, திரும்பப் போகணும்னு அவ பாட்டுக்கு அஞ்சு நிமிஷம் பேசறா. புக்குல அதெல்லாம் இல்லவே இல்ல. அதே புக்கை இருபது நாள் கேட்டாலும் சலிச்சுக்காம படிங்க, ஏழாவது நாள் நீங்க நிறுத்தற எடத்துல அடுத்த வரிய அவனே சொல்லுவான்.

பாஷை விஷயம். ஒரு தமிழ்க் கதையில ஆத்துல வெள்ளம் வந்துச்சுன்னு படிச்சேன், உடனே எங்க பேத்தி, அவ்வளவு வெள்ளத்தையும் யார் குடிப்பா அம்மிச்சின்னு கேட்டா. அங்கன்வாடி மலையாளத்துல வெள்ளம்னா குடிக்கற தண்ணி இல்லையா! நான் சிரிக்கல, அந்த டீச்சர் வெள்ளம் வேற, நம்ம வெள்ளம் வேறன்னு சொன்னேன். மறுநாள் அவளே வந்து, டீச்சருக்குப் பட்டின்னா நாய், நம்மளுக்கு ஆட்டைக் கட்டற எடம்னு சொல்றா. இதுல கொழப்பம் எங்க இருக்கு? நம்ம பார்டர் குழந்தைக்கு இது சொத்து, வீட்டுக்காரர்கிட்ட இதைச் சொல்லுங்க. ஒரு பாஷையில கதை புரிஞ்சுக்கப் பழகின குழந்தைக்கு அடுத்த பாஷையிலயும் அந்தப் பழக்கம் கை குடுக்கும், நல்லாத் தெரிஞ்ச பாஷையில ஆரம்பிச்சா அது சுலபமா நடக்கும்.

மாமியாருக்கு எழுத்து தெரியாட்டி என்ன? படத்தைப் பாத்து அவங்க கதையா சொல்லட்டும், அவங்க வாயில வர்ற சொலவடையும் விடுகதையும் எந்தப் புக்குலயும் கிடைக்காது. புக்குக்கு பெருசா செலவும் வேண்டாம். 2015-ல பிரதம் புக்ஸ் ஆரம்பிச்ச ஸ்டோரிவீவர்ங்கற வெப்சைட்டுல படக்கதைகள் இலவசம், பல கதைகள் தமிழ்லயும் மலையாளத்துலயும் இருக்கு, போன்ல காட்டாம பிரிண்ட் எடுத்துக்கங்க, கருப்பு வெள்ளையில எடுத்தா அவனே கலர் அடிப்பான். தூலிகா பதிப்பகத்துல தமிழும் இங்கிலீஷும் சேர்ந்த புக்கு வருது. பக்கத்து கிராம வாசகசாலைக்கும் கூட்டிட்டுப் போங்க, ஜூன் 19 கேரளத்துல வாசிப்பு தினம், அதுக்குள்ள அவனுக்கு அந்த வாசப்படி பழகியிருக்கட்டும்.

பேரு எழுதற பயம் வேண்டாம். டிபன் பாக்ஸ் மேல மூணு பாஷையிலயும் பெருசா அவன் பேரை எழுதி ஒட்டி, தெனமும் சோறு வைக்கறப்ப விரலை வெச்சுத் தடவிக் காட்டுங்க. ஜூன்ல பத்து டப்பாவுக்கு நடுவுல தன்னோடது எதுன்னு அவன் எடுத்தா போதும், எழுதறது அப்புறம் வரட்டும்.