விமான நிலையத்தின் பழைய ஏடிசி (விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு) கோபுரத்தை இடித்துவிட்டு அதே இடத்தில் புதிதாகக் கட்டினால் என்ன? ஏன் இத்தனை வருடம் திட்டம் போடுகிறார்கள்?

கட்டலாம். ஆனால் கட்டி முடிக்கும் வரை விமானங்களை யார் பார்த்துக்கொள்வது? புதியது முழுதாக இயங்கத் தொடங்கும் வரை பழையது நின்றாக வேண்டும். அப்படியென்றால் வேறு இடம் தேட வேண்டும். நான் விமான நிலையத் திட்டமிடலில் வேலை பார்ப்பவன். கான்கிரீட் போடுவதைவிட இந்த இடம் தேடும் படலம்தான் எங்களைப் படுத்தி எடுக்கும்.

மேலே கண்ணாடி அறையில் இருக்கும் கன்ட்ரோலருக்கு ஓடுபாதை முனைகளும் டாக்ஸிவேக்களும் (ஓடுபாதைக்குப் போய்வரும் இணைப்புப் பாதைகள்) கண்ணில் பட வேண்டும். பட்டால் மட்டும் போதாது. ரொம்பத் தட்டையான கோணத்தில் பார்த்தால் இரண்டு விமானங்களில் எது முன்னால் நிற்கிறது என்றே தெரியாது. அமெரிக்காவின் விமானப் போக்குவரத்து ஆணையமான எஃப்ஏஏவின் விதிப்படி, தொலைவில் உள்ள முக்கியப் புள்ளியில் பார்வைக்கோடு தரையோடு குறைந்தது 0.8 பாகைக் கோணத்தில் சேர வேண்டும். கேட்டால் அற்பமாகத் தோன்றும். ஓடுபாதை முனை 3 கி.மீ. தள்ளி இருந்தால் கன்ட்ரோலரின் கண் சுமார் 42 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும்! சரி, தாராளமாக உயர்த்திவிடலாம் என்றால் கோபுரமே விமானத்துக்குத் தடையாகிவிடும். பெரிய ஓடுபாதைகளின் இருபுறமும் 7 மீட்டருக்கு 1 மீட்டர் என்று சாய்வாக ஏறும் கற்பனைத் தளம் ஒன்று உண்டு. கட்டடங்கள் அதைத் தாண்டக் கூடாது. உயர்த்தினால் விலக வேண்டும், விலகினால் இன்னும் உயர்த்த வேண்டும். போதாக்குறைக்கு ராடாரையும், தரையிறங்கும் விமானத்துக்கு வழிகாட்டும் ஐஎல்எஸ் சிக்னலையும் மறைக்கக் கூடாது.

லண்டன் ஹீத்ரோவை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே பழைய கோபுரம் 1955இல் வந்தது. ஐந்தாம் டெர்மினல் வரவிருந்ததால் அந்தக் கோபுரத்திலிருந்து பார்வை போதவில்லை. புதியதற்குக் கிடைத்த இடமோ மூன்றாம் டெர்மினலை ஒட்டி, விமானங்கள் நிற்கும் பகுதிக்கு நடுவே. பெரிய கிரேன்களை அங்கே நிறுத்திவைக்க வழியில்லை. என்ன செய்தார்கள் தெரியுமா? கண்ணாடி அறையை நான்காம் டெர்மினல் பக்கம் தனியாகக் கட்டி, 2004இல் ஓர் இரவில் பல சக்கர வண்டிகளில் ஏற்றி, ஓடுபாதையைக் கடந்து நிற்கவைத்தே கொண்டுபோனார்கள். கிட்டத்தட்ட 900 டன்! பிறகு அதை ஜாக்கி போட்டுத் தூக்கித் தூக்கி, அடியில் 12 மீட்டர் எஃகுத் துண்டுகளைச் செருகி 87 மீட்டருக்கு உயர்த்தினார்கள். எனக்குத் தெரிந்த கட்டுமானக் கதைகளில் இதற்கு ஈடில்லை.

அது உயர்ந்து நின்றது 2005இல், வேலைக்கு வந்ததோ 2007 ஏப்ரலில். ரேடியோ, ராடார் திரை, ஓடுபாதை விளக்குகளின் சுவிட்ச் என்று எல்லாவற்றையும் பழைய இடத்தில் நிறுத்தாமலே புதிய இடத்தில் ஓட்டிப் பார்க்க வேண்டும். கன்ட்ரோலர்களையும் சிமுலேட்டரில் பழக்க வேண்டும். திறப்பு விழாப் போட்டோவில் இதெல்லாம் தெரியாது என்பதாலோ என்னவோ, பட்ஜெட்டில் முதலில் கை வைப்பது இங்கேதான்.

கண்ணாடியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அதை நேராக நிறுத்தாமல் வெளிப்பக்கம் சாய்த்துத்தான் பொருத்துவார்கள். இல்லையென்றால் இரவில் ஓடுபாதை விளக்குகளுக்கு நடுவே உள்ளே எரியும் திரைகளின் பிம்பமும் மிதக்கும். உள்கூரைக்கு அடர்நிறம் பூசுவதும் இதற்காகத்தான். ஒரு தூண் தப்பான இடத்தில் வந்தாலும் ஆயுசுக்கும் கழுத்தை வளைத்துப் பார்க்க வேண்டியதுதான். அதனால் வரைபடம் போடும்போதே கன்ட்ரோலர்களையும் பக்கத்தில் உட்காரவைப்பது நல்லது.

கோபுரமே எதற்கு, கேமரா போதாதா என்று அடுத்த கேள்வி வரும். ஸ்வீடனில் ஓர்ன்ஷோல்ட்ஸ்விக் நிலையத்தை 2015 முதல் வேறு ஊரான சுன்ட்ஸ்வாலிலிருந்தே கேமரா வழியாக நடத்துகிறார்கள். லண்டன் சிட்டி விமான நிலையம் 2021இல் 50 மீட்டர் கேமராக் கம்பத்துக்கு மாறியது. கன்ட்ரோலர்கள் இருப்பது ஹாம்ப்ஷயரின் ஸ்வான்விக்கில். ஒன்று அறுந்தாலும் மற்றது கைகொடுக்கும்படி கேபிள்களைத் தனித்தனி வழியில் கொண்டுபோக முடிந்தால் சின்ன நிலையங்களுக்கு நானே இதைத்தான் சொல்வேன். நெரிசலான பெரிய நிலையத்துக்கு என் ஓட்டு கோபுரத்துக்குத்தான், கேமரா துணைக்கு இருக்கட்டும். ஹீத்ரோவே, கோபுரத்தைப் பயன்படுத்த முடியாமல் போனால் உதவட்டும் என்று, 2009இல் ஜன்னல் இல்லாத மாற்று அறை ஒன்றைத் தயார் செய்துகொண்டது. எங்கே என்று மட்டும் சொல்ல மாட்டார்கள்.