போவை குடிகாரன்னு எழுதி வச்சது யாரு?

கேள்வி: அமெரிக்க எழுத்தாளர் எட்கர் ஆலன் போ குடிகாரர், அரைப் பைத்தியம், அதனாலதான் அப்படி திகில் கதையா எழுதித் தள்ளினார்னு என் ஃப்ரெண்ட் அடிச்சு சொல்றா. நிஜமா?
– ஒரு வாசகி, பெரம்பூர்

பதில்: உங்க ஃப்ரெண்ட் மேல தப்பு இல்லம்மா, காலேஜ் படிக்கிறப்ப நானும் அப்படித்தான் நம்பிட்டு இருந்தேன். அந்தப் பேரை வாங்கிக் குடுத்தவர் ரூஃபஸ் கிரிஸ்வோல்ட், போ மேல பழைய பகை உள்ள ஆளு. 1849 அக்டோபர் 7ஆம் தேதி பால்டிமோர்ல போ செத்துப்போறாரு, ரெண்டே நாள்ல நியூயார்க் பேப்பர் ஒண்ணுல 'லுட்விக்'னு பொய்ப் பேர்ல இவர் ஒரு இரங்கல் எழுதுறாரு, இந்த சாவுக்கு வருத்தப்பட ஆளே அதிகம் இல்லன்னு. அதோட விட்டாரா? போ எழுத்தை தொகுத்து வெளியிடுற பொறுப்பும் இவர் கைக்கே வந்துச்சு, கூடவே ஒரு வாழ்க்கை வரலாறும் எழுதி, போவோட கடிதங்கள்ல தன் இஷ்டத்துக்கு வரிகளை மாத்தி சேர்த்து அச்சடிச்சிட்டாரு. ஆர்தர் ஹாப்சன் க்வின்ங்கிற பேராசிரியர் அசல் கடிதங்களோட ஒப்பிட்டு அந்த மோசடியை வெளிய கொண்டு வந்தது 1941ல. 90 வருஷம்! செத்தவர் எழுந்து வந்து பதில் சொல்ல முடியுமா, எனக்கு இப்ப எழுதும்போதும் கோவம் வருது.

சரி, குடிச்சாரா? குடிச்சாரு. வேலை போச்சு, கடன் ஏறுச்சு, எல்லாம் உண்மை. ஆனா எது முன்னாடி எது பின்னாடின்னு பாக்கணும்ல.

போவோட அம்மா நாடக நடிகை, 1811ல 24 வயசுல போயிட்டாங்க, குழந்தைக்கு 3 வயசு கூட முடியல. அப்பா அதுக்கு முன்னாடியே விட்டுட்டுப் போயிட்டாரு. வளர்த்த ஜான் ஆலன் வசதியான வியாபாரி, ஆனா சட்டப்படி தத்து எடுக்கல, உயில்லயும் ஒரு பைசா எழுதல. 1836ல போ தன் அத்தை பொண்ணு வர்ஜினியாவை கல்யாணம் பண்றாரு, இவருக்கு 27, அந்தப் பொண்ணுக்கு 13தான், அதை நியாயப்படுத்த நான் வரல. 1842 ஜனவரில ஒரு நாள் பியானோ வாசிச்சு பாடிட்டு இருக்கும்போதே அந்தப் பொண்ணு வாயில ரத்தம் வந்துச்சு. டிபி. அன்னைலேர்ந்து 5 வருஷம், தேறுறதும் மறுபடி படுக்கிறதுமா, ஒவ்வொரு தடவையும் இன்னைக்குத்தான் முடிஞ்சதுன்னு நினைக்கிறதும் திரும்ப நம்பிக்கை வர்றதுமா போச்சு. 1848ல ஒரு கடிதத்துல போவே இதை எழுதியிருக்காரு, அந்த நம்பிக்கைக்கும் நம்பிக்கை இல்லாமைக்கும் நடுவுல கிடந்துதான் எனக்கு புத்தி பேதலிச்சுது, அதனால குடிச்சேன், என் எதிரிங்க குடியாலதான் பேதலிச்சுதுன்னு தலைகீழா சொல்றாங்கன்னு.

நம்ம பீச் – தாம்பரம் ட்ரெய்ன்ல டெய்லி போறவங்க சானடோரியம் ஸ்டேஷனை தாண்டித்தான் போறோம், அந்தப் பேர் வந்ததே அங்க 1928லேர்ந்து இருக்கிற டிபி ஆஸ்பத்திரியாலதான். எங்க பெரியம்மாவுக்கு அந்த நோய் இருந்துச்சு. அவங்க டம்ளர்ல மட்டும் எங்க பாட்டி சிவப்பு நெயில் பாலிஷால ஒரு புள்ளி வச்சிருப்பாங்க, கலந்துடக்கூடாதுன்னு. ராத்திரி பெரியம்மா இருமிட்டே இருந்தா வீடு தூங்கும், இருமல் நின்னா எல்லாரும் முழிச்சுப்போம், பாட்டி எழுந்து போய் மூக்குகிட்ட கை வச்சு பாத்துட்டு வந்து படுப்பாங்க. அதுக்கப்புறம் நான் போவோட 'தி டெல்-டேல் ஹார்ட்' படிச்சேன், இருட்டுல கதவு இடுக்குல நின்னுகிட்டு அடுத்தவன் நெஞ்சுத் துடிப்பை கேக்கிற கதை, 1843 ஜனவரில வந்தது, அதாவது அந்த ரத்தத்துக்கு சரியா ஒரு வருஷம் கழிச்சு. இப்படி காதைத் தீட்டிட்டு உக்காந்தவன்தான் இதை எழுத முடியும்னு எனக்கு அப்பவே தோணிடுச்சு.

ஆனா எல்லாத்தையும் அவர் பொண்டாட்டி நோய்லயே கொண்டுபோய் கட்டிடாதீங்க, பொண்ணுங்க செத்துப்போற கதைகளை அவர் 1835லயே எழுதிட்டாரு. துக்கம் நிறைய பேருக்கு இருக்கு, அதை நாலு பக்கத்துல மூச்சு முட்ட வைக்கிற மாதிரி அடுக்கத் தெரிஞ்சது உழைப்பு. பத்திரிகை எடிட்டரா வருஷக்கணக்கா அடுத்தவங்க எழுத்தை வெட்டித் திருத்தின கை அது. 1841ல துப்பறியும் கதைக்கே ஒரு வடிவம் போட்டுக் குடுத்தாரு, ஜப்பான்ல ஒரு எழுத்தாளர் இவர் பேரையே தன் வாய்க்கு ஏத்த மாதிரி மாத்தி எடோகாவா ராம்போன்னு வச்சுகிட்டாரு.

வர்ஜினியா கடைசி குளிர்காலத்துல நியூயார்க் பக்கத்துல ஃபோர்தம்ல ஒரு சின்ன வீட்ல வைக்கோல் மெத்தையில படுத்திருந்ததை பாத்தவங்க எழுதியிருக்காங்க. போர்த்திக்க போவோட பழைய கோட்டு, சூட்டுக்கு நெஞ்சு மேல ஒரு பூனை. 1847 ஜனவரி 30 போயிட்டாங்க. வயசு 24, போவோட அம்மா போன அதே வயசு.

கேள்வி: ப்ளஸ் டூ படிக்கிற என் பையன் நோட்டு பூரா சாவு, இருட்டு, கிணறுன்னு கதை எழுதுறான். டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகணுமா?
– ஒரு அம்மா, மேற்கு மாம்பலம்

பதில்: முதல்ல அந்தக் கதையை அவன்கிட்ட கேட்டு வாங்கி படிங்க, ஒளிச்சு வச்சு படிக்காதீங்க. அவன் சாப்பிடுறான், தூங்குறான், ஃப்ரெண்ட்ஸோட பேசுறான்னா பயப்பட ஒண்ணும் இல்ல. அது குறைஞ்சுதுன்னா, இல்ல தனக்கே ஏதாவது பண்ணிக்கணும்னு பேசினா, ஒரு நாள் கூட தள்ளிப்போடாம கூட்டிட்டுப் போங்க. மத்தபடி அந்தக் கிணத்துல யார் விழுந்தாங்க, அப்புறம் என்ன ஆச்சுன்னு கேளுங்க, உக்காந்து முழுசா சொல்லுவான்.