ஓன் போர்டு வண்டியில் குன்னூரிலிருந்து தனுஷ்கோடி போகலாமா?

கேள்வி: நாங்கள் குன்னூரில் இருக்கிறோம். வயதான அப்பா, அம்மா, குழந்தைகள் என ஏழு பேர் ராமேஸ்வரம், தனுஷ்கோடி போய்வர நினைக்கிறோம். மஞ்சள் நம்பர் பிளேட் போட்ட டி போர்டு வாடகை வண்டிக்கு அதிகம் கேட்கிறார்கள். தெரிந்த புரோக்கர் ஒருவர் ஓன் போர்டு இன்னோவாவை டிரைவரோடு குறைந்த வாடகைக்குத் தருகிறேன் என்கிறார். இரவு பத்து மணிக்குக் கிளம்பினால் விடிவதற்குள் ராமேஸ்வரம் போய்விடலாமாம். நம்பிப் போகலாமா?

பதில் (மோட்டார் விபத்து இழப்பீட்டு வழக்குகள் நடத்தும் வழக்கறிஞர்):

வேண்டாம். அந்த வண்டியும் வேண்டாம், அந்த நேரமும் வேண்டாம்.

ஓன் போர்டு, அதாவது வெள்ளை நம்பர் பிளேட் வண்டி, சொந்த உபயோகத்துக்கு மட்டும்தான். அதன் இன்ஷூரன்ஸ் பாலிசியிலேயே, வாடகைக்கு விடக் கூடாது என்று நிபந்தனை இருக்கும். ஆங்கிலத்தில், பொடி எழுத்தில் இருப்பதால் யாரும் படிப்பதில்லை. விபத்து என்று வந்துவிட்டால் கம்பெனிக்காரர்கள் முதலில் தேடுவது அதைத்தான். பணம் கொடுத்துப் போனீர்கள் என்பதைக் காட்ட உங்கள் போனில் இருக்கும் ஜிபே பதிவு ஒன்றே போதும். அதற்குப் பிறகு ஏழு பேரின் ஆஸ்பத்திரிச் செலவுக்கு வண்டி உரிமையாளரைத் துரத்த வேண்டி வரலாம். அவர் பெரும்பாலும் வண்டியையே ஃபைனான்ஸில் வாங்கியிருப்பார். புரோக்கரின் பெயரோ எந்தக் காகிதத்திலும் இருக்காது.

இந்த புரோக்கர்கள் கிளம்பும்போது ஒரு பாடம் சொல்லிக்கொடுப்பார்கள்: "வழியில் யாராவது நிறுத்திக் கேட்டால் மாமா வண்டின்னு சொல்லிடுங்க." தயவுசெய்து சொல்லாதீர்கள். விபத்துக்குப் பின் அதே பொய் போலீஸ் வாக்குமூலத்தில் ஏறிவிடும். குறுக்கு விசாரணையில், "மாமா பெயர் என்ன, எந்த ஊர், உங்களுக்கு எந்த வழியில் மாமா?" என்று கேட்பார்கள். ஆர்.சி.யில் இருக்கும் பெயரைக்கூட உங்களால் சொல்ல முடியாது. உண்மையாகவே காயம்பட்டவர்கள் கூண்டில் பொய்யர்களாக நிற்பதைப் பார்க்க எனக்கு வயிறு எரிகிறது.

பர்மிட் இல்லாமல் வாடகைக்கு ஓட்டினால் முதல் முறைக்கே 10,000 ரூபாய் அபராதம் என்று 2019-இலேயே சட்டத்தைத் திருத்திவிட்டார்கள். அப்படியிருந்தும் சீசன் நேரத்தில் இந்த வண்டிகள் பட்டப்பகலில் சவாரி ஏற்றுகின்றன. டாக்ஸ், பர்மிட், எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று) என்று ஒழுங்காகக் கட்டும் டி போர்டுக்காரர் ஸ்டாண்டில் சும்மா உட்கார்ந்திருக்கிறார். ஹெல்மெட் இல்லாதவரைத் தேடிப் பிடிக்கிறவர்கள் கண்ணில் இது மட்டும் படுவதில்லை.

சொந்தக்காரர் வண்டியை எடுத்துப் போகலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். போகலாம். உங்கள் மாமனாரோ நண்பரோ காரைச் சும்மா கொடுத்தால் அது வாடகை இல்லை. டீசலை நீங்கள் போடலாம், டோல் கட்டலாம். ஆக்டிங் டிரைவர் வைத்து, அவருக்குச் சம்பளமும் பேட்டாவும் நீங்களே கொடுக்கலாம். ஆனால் காரைக் கொடுத்ததற்காக உரிமையாளர் கையில் ஒரு தொகை போனால் அது வாடகைதான். "தேய்மானத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்" என்று கொடுத்தாலும் கம்பெனி அதை வாடகை என்றுதான் வாதாடும். நண்பருக்கு நன்றி காட்ட வேண்டுமா? ஊர் திரும்பிய பின் சாப்பாட்டுக்குக் கூப்பிடுங்கள், கணக்கில் பணம் போடாதீர்கள். புரோக்கர் அறிமுகப்படுத்திய "நண்பர்" இந்தக் கணக்கில் சேரமாட்டார்.

அடுத்து நேரம். குன்னூரிலிருந்து ராமேஸ்வரம் 400 கிலோமீட்டருக்கு மேல். இரவு பத்துக்குக் கிளம்பி விடிவதற்குள் போக வேண்டுமென்றால் டிரைவர் எங்கும் நிற்காமல் விரட்ட வேண்டும். அவர் அன்று பகலில் வேறு சவாரி ஓட்டினாரா என்று புரோக்கர் உங்களிடம் சொல்லமாட்டார். வாடகை வண்டி ஓட்டுநருக்கு நாளுக்கு எட்டு மணி நேரம்தான் வேலை என்று 1961-ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டமே சொல்லியிருந்தது. தொடர்ந்து ஐந்து மணி நேரம் ஓட்டினால் அரை மணியாவது ஓய்வு தர வேண்டும் என்றும் அதில் இருந்தது. யார் கடைப்பிடிக்கிறார்கள்? இரவில் மேட்டுப்பாளையம் இறங்கும் மலைப்பாதையில் பர்லியாறு, கல்லாறு பக்கம் யானை நிற்கும், மேலே பனிமூட்டம் வேறு.

காலை வெளிச்சம் வந்ததும் கிளம்புங்கள். மலை இறங்கும்போது டிரைவர் டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடுகிறாரா என்று கவனியுங்கள். ஏறுவதற்குப் போடும் கியரிலேயே இறங்க வேண்டும். பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் சூடாகிக் கருகல் வாடை வரும், அப்புறம் பிரேக் பிடிக்காது. வாடை வந்தால் கூச்சப்படாமல் நிறுத்தச் சொல்லுங்கள்.

மேட்டுப்பாளையத்திலிருந்து அன்னூர், அவினாசி, பல்லடம், தாராபுரம், ஒட்டன்சத்திரம், திண்டுக்கல் என்று போனால் கோவை நெரிசல் இல்லை. மதுரையில் இரவு தங்கிவிடுங்கள். குளிரிலேயே இருந்த பெரியவர்களுக்கு ராமநாதபுரத்து வெயிலை ஒரே நாளில் தாங்குவது கஷ்டம். மறுநாள் விடிகாலையில் கிளம்பினால் பரமக்குடி வரை நான்கு வழிச்சாலை. பாம்பன் பாலத்தின் மேல் போட்டோவுக்காக வண்டியை நிறுத்தச் சொல்லாதீர்கள். தனுஷ்கோடியில் மாலை நேரத்துக்கு மேல் வண்டிகளை உள்ளே விடமாட்டார்கள். அதன் கடைசி முனையான அரிச்சல்முனைக்கு முற்பகலிலேயே போய்விடுங்கள்.

வண்டி பேசும்போது நம்பரைக் கேட்டு வாங்கி, எம்-பரிவாகன் செயலியில் போட்டு இன்ஷூரன்ஸ், எஃப்.சி. தேதிகளைப் பாருங்கள். கிலோமீட்டர் கணக்கு ஷெட் டு ஷெட்டா (வண்டி தன் ஷெட்டிலிருந்து கிளம்பி அங்கே திரும்பும் வரை), உங்கள் வீட்டிலிருந்தா, பேட்டாவும் டோலும் தனியா என்பதை வாட்ஸ்அப்பில் எழுதி வாங்குங்கள். மேட்டுப்பாளையத்து வண்டி என்றால் திரும்பி மலையேற இ-பாஸ் யார் எடுப்பது என்றும் கேட்டுவிடுங்கள். நீலகிரிப் பதிவான டி.என். 43 வண்டிக்கு அது தேவையில்லை. முன்பணம் கொஞ்சமாகவே கொடுங்கள். காலையில் "அந்த வண்டி சர்வீஸில் இருக்கிறது" என்று வெள்ளை போர்டு வண்டியைக் கொண்டுவந்து நிறுத்துவது புரோக்கர்களின் வழக்கம். பெரிய தொகை கொடுத்திருந்தால் மூட்டை முடிச்சோடு வாசலில் நிற்கும் உங்களுக்கு அதைத் திருப்பி அனுப்ப மனம் வராது.