ஆசையை மறைக்காமல் ஜெபியுங்கள், தங்கச்சி

தங்கச்சி, குவைத்தில் நர்ஸ் வேலை கைகூடி வந்திருக்கிறது, பாறசாலையில் அம்மா படுத்த படுக்கை, "உம்முடைய சித்தம்" என்று வாய் ஜெபித்தாலும் மனசு போகத்தான் துடிக்கிறது, இது பாவமா என்று கேட்டிருந்தீர்கள். பாவமே இல்லை. சிலுவைக்கு முந்தின ராத்திரி கெத்செமனே தோட்டத்தில் ஆண்டவர் இயேசு தம் விருப்பத்தை மறைக்கவில்லையே! இந்தப் பாத்திரம், அதாவது வரப்போகிற பாடு, நீங்கட்டும் என்று முதலில் பிதாவிடம் கேட்டார். அப்புறம்தான் "உம்முடைய சித்தத்தின்படியே" என்றார். அதுவும் ஒரே தடவையில் முடியவில்லை. மத்தேயு 26-ல் மூன்று தடவை ஜெபிக்கிறார்.

களியக்காவிளையில் அப்பா விழுந்தபோது எனக்கும் கொச்சி வேலையை விட மனசே வரவில்லை. விடியற்காலை ரப்பர் பால் வெட்டிவிட்டு, கையில் பிசுக்கு காயுமுன்னே முழங்காலில் நின்று "எனக்குப் போகணும் ஆண்டவரே" என்று அழுவேன். மூன்று மாதம் அதே ஜெபம். குரல் எதுவும் கேட்கவில்லை, ஆனால் பயம் போனது; வீட்டிலேயே இருந்துவிட்டேன். உங்களுக்கும் அப்படித்தான் என்று சொல்ல மாட்டேன். போவதே அவர் சித்தமாக இருக்கலாம்.

அம்மாவிடம் மனம் திறந்து பேசினீர்களா? முதலில் அதைச் செய்யுங்கள். வேலையில் சேரும் தேதியைத் தள்ளித் தருவார்களா என்றும் கேட்டுப் பாருங்கள். இன்று ராத்திரி ஜெபத்தில் உங்கள் அம்மாவையும் நினைத்துக்கொள்கிறேன்.