குழந்தைக்கு வேர்க்கடலை அலர்ஜி இருக்கிறது. பள்ளி டைரியில் எழுதிக் கொடுத்தால் போதுமா?

போதாது. நானும் டைரியில் எழுதிக் கொடுத்தவள்தான். மிஸ் கையெழுத்தும் போட்டு அனுப்பினார். அந்தப் பக்கத்தை இன்னும் வைத்திருக்கிறேன்.

உங்கள் குழந்தை இப்போதுதான் எல்கேஜியோ யுகேஜியோ சேரப் போகிறது என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். அந்த வயதில் வகுப்பில் மிஸ்ஸைவிட ஆயாம்மாதான் பிள்ளைகளுக்கு ஊட்டுவார், டப்பா திறந்து கொடுப்பார். டைரி அவர் கைக்குப் போவதே இல்லை. இது எனக்குத் தெரிந்திருந்ததால் முதல் நாளே அவரிடம் நேரில் சொன்னேன்: "ஆயாம்மா, பாப்பாவுக்குக் கடலை மட்டும் கொடுத்துடாதீங்க, ஆகாது." அவரும் சரிம்மா என்றார்.

நான் பிறந்து வளர்ந்தது மதுரைப் பக்கம். அங்கே வெறுமனே கடலை என்றாலே வேர்க்கடலைதான். வாழ்க்கைப்பட்டு வந்தது விழுப்புரம் பக்கம். இங்கே அது மல்லாட்டை. அந்தச் சொல் எனக்குத் தெரியாததல்ல, ஆனால் அவசரத்தில் வாயில் வருவது கடலைதானே.

ஆயாம்மா சொன்ன சொல் தவறவில்லை. விநாயகர் சதுர்த்திக்குப் பள்ளியில் கொண்டைக்கடலைச் சுண்டல் கொடுத்தபோது என் மகளுக்கு மட்டும் கொடுக்காமல், அவள் அழுததற்கு வாழைப்பழம் வாங்கிக் கொடுத்திருக்கிறார். இரண்டு வாரம் கழித்து, தன் வீட்டுக் கொல்லையில் பிடுங்கிய மல்லாட்டையை அவித்துக் கொண்டுவந்து எல்லாப் பிள்ளைகளுக்கும் கொடுத்தார். என் மகளுக்குத் தோலை உரித்து ஊட்டியே விட்டார்.

நான் போவதற்குள் உதடு வீங்கியிருந்தது. கழுத்தெல்லாம் தடிப்பு. இரண்டு முறை வாந்தி எடுத்திருந்தாள். குரல் கம்மிப்போய் "அம்மா" என்று அவள் கூப்பிட்டதே எனக்குக் கேட்கவில்லை. அலுவலக அறையில் முகம் கழுவிப் படுக்க வைத்திருந்தார்கள். ஆட்டோவில் அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடினோம். மருத்துவர் பார்த்ததும் தொடையில் அட்ரினலின் ஊசி போட்டார். கொஞ்ச நேரத்தில் மூச்சு சீரானது. அடங்கிய மாதிரி இருந்து சில மணி நேரம் கழித்துத் திரும்ப வரலாம் என்று அன்று இரவு முழுக்க அங்கேயே வைத்துக்கொண்டார்கள்.

ஆயாம்மா மறுநாள் வீட்டுக்கே வந்து அழுதார். "நான் மல்லாட்டைதானேம்மா கொடுத்தேன், கடலை கொடுக்கலையே" என்றார். தயவுசெய்து யாரும் அவரைப் படிக்காதவர் என்று பின்னூட்டத்தில் திட்ட வேண்டாம். தமிழில் கொண்டைக்கடலையும் கடலை, பொட்டுக்கடலையும் கடலை, வேர்க்கடலையும் கடலை. எது என்று பிரித்துச் சொல்ல வேண்டியவள் நான்.

இப்போது செய்வதைச் சொல்கிறேன். ஒட்டிய கவரில் கொஞ்சம் மல்லாட்டையைப் போட்டு எடுத்துப் போய்க் கண்ணால் காட்டினேன். வேர்க்கடலை, நிலக்கடலை, மல்லாட்டை, மணிலாக்கொட்டை எல்லாம் இதுதான் என்று சொன்னேன். எதிலெல்லாம் வரும் என்பதையும் சொன்னேன்: கடலை மிட்டாய், மிக்சர், புளிசாதம், எலுமிச்சை சாதம், கடைச் சட்னி. பாக்கெட்டில் அடைத்த பொருளில் வேர்க்கடலை இருந்தால் லேபிளில் தனியாகக் குறிப்பிட வேண்டும் என்று 2020ஆம் ஆண்டு விதியில் இருக்கிறது. பேக்கரியில் நிறுத்துக் கொடுக்கும் மிக்சருக்கு லேபிள் ஏது? அதனால் பிறந்தநாளுக்கு யார் எது கொண்டுவந்தாலும் என் மகளுக்கு நான் கொடுத்தனுப்பிய டப்பாவிலிருந்து மட்டும்தான்.

மகளின் போட்டோ ஒட்டி, பெரிய எழுத்தில், தமிழில் ஒரே ஒரு தாள். மிஸ், ஆயாம்மா, வேன் ஓட்டும் அண்ணன், மூவரிடமும் ஒன்று. தடிப்போடு மூச்சுத் திணறல், குரல் மாற்றம், விடாத வாந்தி இருந்தால் அலர்ஜி மாத்திரை கொடுத்துவிட்டுக் காத்திருக்கக் கூடாது, நடக்க வைக்கவும் கூடாது, உடனே 108 என்று அதில் இருக்கிறது. பள்ளியில் ஊசி போட மாட்டோம் என்றார்கள். அதற்காக நான் சண்டை போடவில்லை. வெளிநாட்டில் பேனா மாதிரி கொடுக்கும் ஊசி இங்கே சுலபமாகக் கிடைப்பதில்லை, ஆம்பூல் என்கிற சின்னக் கண்ணாடிக் குப்பியை உடைத்து மருந்தை அளந்து ஏற்ற ஒரு டீச்சருக்குப் பயம் வருவது நியாயம்தான். பள்ளிக்கு மிக அருகில் இருக்கும் கிளினிக்கில் எங்கள் மருத்துவரின் கடிதத்தைக் கொடுத்து வைத்திருக்கிறேன். மருந்தின் அளவு எடையைப் பொறுத்தது, அதனால் ஜூன் மாதம் புதிதாக எழுதி வாங்குகிறேன். ஜூனில் மிஸ்ஸும் மாறுவார், மறுபடி முதலிலிருந்து சொல்ல வேண்டும். நான் மருத்துவர் அல்ல. உங்கள் குழந்தைக்கு என்ன என்பதை உங்கள் மருத்துவரிடம் எழுதி வாங்குங்கள்.

இன்னொன்று. கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அன்றைக்குப் பள்ளியிலிருந்து முதலில் அழைத்தது என் கணவரை. அவர் சென்னையில் வேலை செய்கிறார், மீட்டிங்கில் இருந்திருக்கிறார். மூன்று முறை அடித்துவிட்டு, அவர் எடுக்காததால் அப்புறம்தான் எனக்கு. நான் இருந்தது பள்ளியிலிருந்து பத்து நிமிட தூரத்தில். விண்ணப்பத்தில் அப்பா எண்தான் முதல் கட்டத்தில் இருக்கிறதாம். ஃபீஸ் கட்ட, மீட்டிங்குக்கு வர, ப்ராஜெக்ட்டுக்குச் சார்ட் வாங்க எல்லாம் அம்மா வேண்டும், அழைக்க மட்டும் அப்பா. என் எண்ணை முதலில் போடச் சொல்லி இரண்டு முறை எழுதிக் கொடுத்தேன். சிஸ்டத்தில் மாற்ற முடியாது என்றார்கள். கடைசியில் முதல் கட்டத்திலும் என் எண்ணையே எழுதிக் கொடுத்துவிட்டேன். நீங்களும் விண்ணப்பம் நிரப்பும்போதே அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.