ஓல்டு டிராஃபோர்டு எங்கும் ஓடிவிடாது, முதலில் மோஸ்டனுக்குப் போ

கன்னியாகுமரிக் கடற்கரையின் வள்ளவிளையிலிருந்து படிக்க வந்து, மான்செஸ்டரை ஒட்டிய சால்ஃபோர்டில் அறை எடுத்திருக்கும் தம்பி ஒருவர் கேட்டிருப்பது இது: சிறு வயதிலிருந்தே மான்செஸ்டர் யுனைடெட் கால்பந்து கிளப் என்றால் அவருக்கு உயிர். இப்போது அதன் ஓல்டு டிராஃபோர்டு ஸ்டேடியம் டிராம் ஏறினால் போய்விடும் தூரத்தில் இருக்கிறது. கையிருப்பை வைத்து உறுப்பினர் அட்டை எடுத்துவிடலாமா? டிக்கெட் எப்படிக் கிடைக்கும்? இங்குள்ளவர்கள் ஏன் சொந்தக் கிளப்பையே இப்படிக் கரித்துக்கொட்டுகிறார்கள்? பகுதிநேர வேலை பார்க்கும் கடையில் "அடுத்த ஆண்டு பாருங்கள், யுனைடெட் மீண்டு வந்துவிடும்" என்று சொன்னாராம். உடன் வேலை பார்க்கும் பெரியவர் சிரித்துவிட்டுப் பெட்டி அடுக்கப் போய்விட்டாராம். தவறாக ஏதும் சொல்லிவிட்டோமோ என்று தம்பிக்குக் கவலை.

நீ தவறாக ஒன்றும் சொல்லவில்லை தம்பி. ஆனால் அட்டைக்கு முன்னால் மோஸ்டனுக்குப் போ; மான்செஸ்டரின் இன்னொரு பகுதி அது, ரசிகர்களே நடத்தும் ஒரு கிளப் அங்கே ஆடுகிறது. நானும் உன் கரையின் பூத்துறைக்காரன். வீட்டுக்கடன், பிள்ளைகளின் பள்ளிக்கூடம் என்று இந்த ஊரில் வேர் விட்டுவிட்டவன். நீ சொன்ன அதே வாக்கியத்தை 2013-க்குப் பிறகு பருவம் தொடங்கும் ஒவ்வொரு ஆகஸ்டிலும் அந்தப் பெரியவரும் தன் வீட்டில் சொல்லியிருப்பார். அவர் தன்னை நினைத்துத்தான் சிரித்திருக்கிறார். அடுத்த முறை கணிப்பு எதுவும் சொல்லாதே. "கிரிம்ஸ்பியிடம் தோற்ற அன்று எங்கே இருந்தீர்கள்?" என்று கேட்டுப் பார். பெட்டியைக் கீழே வைத்துவிட்டுப் பேசுவார்.

கிரிம்ஸ்பி தெரியும் அல்லவா? 2025 ஆகஸ்டில் லீக் கோப்பை ஆட்டத்தில் நான்காம் படிநிலையில் ஆடும் அந்தச் சின்ன ஊர் அணி யுனைடெட்டைப் பெனால்டியில் 12-11 என்று வீட்டுக்கு அனுப்பியது. நம் கரைக்காரர்களுக்கு அது பிடித்திருக்க வேண்டும், கிரிம்ஸ்பி பழைய மீன்பிடித் துறைமுகம். அதற்கு முந்தைய பருவத்தில் யுனைடெட்டுக்கு பிரீமியர் லீக்கில் 15-ஆம் இடம், வெறும் 42 புள்ளிகள். அதே பருவத்தில் பில்பாவோவில் யூரோப்பா லீக் இறுதியாட்டத்தையும் டாட்டனத்திடம் விட்டார்கள். வயிற்றெரிச்சலுக்கு நெய் வார்த்ததுபோல் அதே ஆண்டு லிவர்பூல் தன் 20-ஆவது லீக் பட்டத்தை வென்று யுனைடெட்டின் எண்ணிக்கையைத் தொட்டுவிட்டது. பயிற்சியாளர் அலெக்ஸ் ஃபெர்குசன் 26 ஆண்டுகள் இருந்துவிட்டு 2013-இல் விலகியபோது வென்ற 20-ஆவது பட்டத்தோடு இங்கே கணக்கு நிற்கிறது. மோயஸ், வான் கால், மொரீனியோ, சோல்ஷார், டென் ஹாக், அமோரிம் என்று ஆறு நிரந்தரப் பயிற்சியாளர்கள் வந்து போய்விட்டார்கள். நடுவில் கோப்பைகள் வராமல் இல்லை. 2024-இல் கூட எஃப்.ஏ. கோப்பை வந்தது. ஆனால் லீக் பட்டம் வரவில்லை.

இதெல்லாம் உனக்கும் தெரியும். ஊரில் இரவு எட்டரைக்கு டீக்கடை டிவி முன்னால் உட்கார்ந்து பார்த்தவன்தானே நீ. தூரத்திலிருந்து பார்த்தபோது உன் கண்ணில் படாதது வேறு ஒன்று. இங்குள்ளவர்களின் கோபம் தோற்றதற்காக அல்ல. தோல்வியை இந்த ஊர் நன்றாகவே அறியும். 1974-இல் இதே யுனைடெட் இரண்டாம் நிலைக்கு இறங்கியது. அப்போதும் கூட்டம் விட்டுப் போகவில்லை.

கோபத்தின் கதையை நம் கரையின் கணக்கில் சொல்கிறேன். ஒருவன் விசைப்படகு வாங்குகிறான். கடனைத் தன் பெயரில் எழுதாமல் படகின் பெயரிலேயே எழுதிவிடுகிறான். அதன் பிறகு அந்தப் படகு ஆழ்கடலுக்குப் போய் எத்தனை சுறா கொண்டுவந்தாலும் முதல் பங்கு வட்டிக்குப் போகிறது. அதற்கப்புறம் டீசல், ஐஸ், மிஞ்சினால் ஆட்களின் பங்கு. பலகை இற்றுப்போனால் மாற்றக் காசிருக்காது. ஆனால் முதலாளி அவன்தான். 2005-இல் அமெரிக்காவின் கிளேசர் குடும்பம் ஏறத்தாழ 790 மில்லியன் பவுண்டுக்குக் கிளப்பை வாங்கியது இந்த முறையில்தான். விலையில் பெரும்பகுதி கடன். அந்தக் கடனைக் கிளப்பின் தலையிலேயே கட்டினார்கள். அதுவரை கடனில்லாமல் இருந்த கிளப் அன்றிலிருந்து வட்டிக்கு மட்டும் பல நூறு மில்லியன் பவுண்டு கொட்டியிருக்கிறது. 2012-இல் நியூயார்க் பங்குச் சந்தைக்குப் போனபோதும் ஒரு பங்குக்குப் பத்து வாக்கு உள்ள வகையைக் குடும்பம் தன்னிடம் வைத்துக்கொண்டது. வெளியே எவ்வளவு விற்றாலும் சொல் அவர்களுடையதே. பலகை இற்றதற்கு உதாரணமும் இருக்கிறது. 2024 மே மாதம் ஆர்சனலோடு ஆட்டம் முடிந்த மழையில் ஓல்டு டிராஃபோர்டின் கூரையிலிருந்து அருவி கொட்டியதை உலகமே டிவியில் பார்த்தது.

2024 பிப்ரவரியில் தொழிலதிபர் ஜிம் ராட்கிளிஃப் கால் பங்குக்குச் சற்று அதிகமாக வாங்கிக் கால்பந்து நிர்வாகத்தை ஏற்றபோது, நம்ம மான்செஸ்டர் ஊர்க்காரர், பக்கத்து ஃபெயில்ஸ்வொர்த்தில் பிறந்தவர், இனி விடிந்துவிடும் என்று நம்பியவர்கள் ஏராளம். எனக்கும் கொஞ்சம் ஆசை இருந்தது. அந்தக் கோடையில் டென் ஹாக்கின் ஒப்பந்தத்தை நீட்டினார்கள். அக்டோபரில் அவரையே நீக்கினார்கள். மாதக்கணக்கில் காத்திருந்து கொண்டுவந்த விளையாட்டு இயக்குநர் ஐந்தே மாதத்தில் வெளியேறினார். இந்த ஆள் மாற்றங்களுக்கு மட்டும் 14.5 மில்லியன் பவுண்டு செலவு என்று கிளப்பின் கணக்கே சொல்கிறது. அதே காலத்தில் சிக்கனம் என்று சொல்லி முதலில் 250 ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். பிறகு ஊழியர்களின் இலவச மதிய உணவிலும் கை வைத்தார்கள். பருவத்தின் நடுவிலேயே, உறுப்பினர்களுக்கு எஞ்சியிருந்த டிக்கெட்டுகளுக்குச் சிறுவர் சலுகையும் இல்லை, முதியோர் சலுகையும் இல்லை, தலைக்கு 66 பவுண்டு என்று அறிவித்தார்கள். பேரனை அழைத்துக்கொண்டு போகும் தாத்தாவுக்கு 132 பவுண்டு. வாசலில் கூட்டம் கூடிக் கத்தியதில் என்ன ஆச்சரியம்?

சிவப்பு அணியின் ரசிகர்கள் சிலர் பச்சையும் பொன்னுமான கழுத்துத் துணி போட்டிருப்பதைப் பார்த்திருப்பாய். அது எதிரணி நிறம் அல்ல. 1878-இல் ரயில்வே தொழிலாளர்கள் நியூட்டன் ஹீத் என்ற பெயரில் அணி தொடங்கியபோது இருந்த நிறம். 1902-இல்தான் மான்செஸ்டர் யுனைடெட் என்ற பெயர் வந்தது. 2010-லிருந்து முதலாளிகளுக்கு எதிர்ப்புக் காட்ட அந்தப் பழைய நிறத்தை அணிகிறார்கள். வேண்டுமானால் நீயும் ஒன்று வாங்கிக்கொள், தெருவோரத்தில் விற்பவர்களிடம்.

இப்போது நம் ஊர்ப் பக்கம் வா. இரையுமன்துறையிலிருந்து நீரோடி வரை எந்த ஊரில் கிளப் இல்லை? நீரோடியைத் தாண்டிக் கேரளத்துப் பொழியூருக்குள் கால் வைத்தாலும் அதே கதைதான். அங்கே நிர்வாகம் என்றால் யார் என்று உனக்குத் தெரியும். திருவிழாக் கோப்பை அரையிறுதியில் தோற்ற இரவு குருசடி (சிலுவை நட்ட சிறு ஆலயம்) முன்னால் கூட்டம் கூடிவிடும். பொருளாளர் நாற்பது பக்க நோட்டை விரித்து வாசிப்பார்: பந்து இரண்டு, பொழியூரிலிருந்து அழைத்துவந்த கோல்கீப்பருக்கு வண்டிக்கூலி, எலுமிச்சை, சோடா. "வண்டிக்கூலி சரி, இத்தனை சோடாவை யார் குடித்தது?" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்பார். செயலாளர் பதில் சொல்லாமல் வீட்டுக்குப் போக முடியாது. போனாலும் அதிகாலையில் வலை இழுக்கும்போது அதே ஆள் பக்கத்தில் நிற்பார். இரவிபுத்தன்துறையின் மைக்கேல் சூசைராஜ் ஐ.எஸ்.எல். என்ற இந்தியன் சூப்பர் லீக் வரை போனதற்குப் பின்னால் இப்படிச் சண்டை போட்டுக்கொண்டே பந்தை உருட்டிய மணல்கள் இருக்கின்றன. அவர் ஆடிய சென்னை சிட்டி கிளப் 2018-19-இல் ஐ-லீக் பட்டத்தை வென்று, சில ஆண்டுகளுக்குள் களத்திலிருந்தே மறைந்துபோனது. கோப்பை வென்ற கிளப்புக்கே அந்தக் கதி என்றால், அதன் கணக்கு நோட்டு எந்தக் குருசடி முன்னாலும் விரிக்கப்படவில்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

மோஸ்டனுக்குப் போ என்று நான் சொல்வது இதனால்தான். கிளேசர் குடும்பம் வாங்கிய அதே 2005-இல் வெறுத்துப்போன ரசிகர்கள் சிலர் எஃப்.சி. யுனைடெட் ஆஃப் மான்செஸ்டர் என்று தாங்களே ஒரு கிளப் தொடங்கினார்கள். பத்தாம் படிநிலையில் ஆரம்பித்து முதல் மூன்று பருவங்களிலும் தொடர்ந்து மேலே ஏறினார்கள். 2015-இல் மோஸ்டனில் பிராட்ஹர்ஸ்ட் பார்க் என்று சொந்த மைதானம் கட்டி, முதல் ஆட்டத்துக்கு பென்ஃபிகாவிலிருந்து ஓர் அணியை அழைத்துவந்தார்கள். எவ்வளவு பணம் போட்டாலும் ஓர் உறுப்பினருக்கு ஒரே ஒரு வாக்கு. சட்டையில் விளம்பரம் கிடையாது. சீசன் டிக்கெட்டை முடிந்ததைக் கொடுத்து வாங்கிக்கொள்ளலாம் என்று விற்றார்கள்.

சொர்க்கம் என்று நினைத்துவிடாதே. 2016-இல் அங்கேயும் நிர்வாகத்துக்கும் உறுப்பினர்களுக்கும் பெரிய சண்டை நடந்து ஆட்கள் விலகினார்கள். 2019-இல் ஒரு படி இறங்கியவர்கள் ஏழாம் நிலையிலேயே தேங்கி நிற்கிறார்கள். தேக்கம் என்று பார்த்தால் ஓல்டு டிராஃபோர்டைவிட இங்கேதான் அதிகம். ஆனால் கோபப்படுகிறவனுக்குக் கையில் வாக்கு இருக்கிறது. குழுவில் இருப்பவர் இடைவேளையில் உன் பக்கத்தில் தேநீர் வரிசையில் நிற்பார். நம் ஊர்க்காரனுக்கு இந்த இடம் பழக ஐந்து நிமிடம் போதும்.

ஊரில் உனக்குத் தெரிந்திருக்க நியாயமில்லாத ஒரு விதி இருக்கிறது. சனிக்கிழமை மதியம் 2.45 முதல் 5.15 வரை பிரிட்டனில் எந்தக் கால்பந்து ஆட்டத்தையும் டிவியில் நேரலையாகக் காட்டமாட்டார்கள். மூன்று மணிக்கு ஓல்டு டிராஃபோர்டில் நடக்கும் ஆட்டத்தை வள்ளவிளையில் உன் அண்ணன் பார்க்கலாம். டிராம் தூரத்தில் குடியிருக்கும் நீ பார்க்க முடியாது. முதல் வாரத்தில் எல்லோரும் இதற்குத் தலையில் அடித்துக்கொள்வார்கள். சின்னக் கிளப்புகளின் மைதானங்கள் காலியாகிவிடக் கூடாது என்பதற்காக 1960-களிலிருந்து இருக்கும் ஏற்பாடு இது. அந்த மூன்று மணியை மோஸ்டனில் செலவிடு. இல்லையென்றால் டிராமில் பரி என்ற பக்கத்து ஊருக்குப் போ. 1885-இல் தொடங்கிய பரி கிளப்பை ஒரு முதலாளி காலத்துக் கடன் 2019-இல் லீக்கை விட்டே வெளியேற்றியது. ரசிகர்கள் பழைய கிக் லேன் மைதானத்தை மீட்டு, 2023-லிருந்து மறுபடியும் அங்கே ஆட்டம் பார்க்கிறார்கள். இப்படி நடந்ததும் ஒரு காரணமாக 2025-இல் பாராளுமன்றம் சட்டம் போட்டுக் கால்பந்துக்கென்றே தனி ஒழுங்காற்று அமைப்பை உண்டாக்கியது. அது கடிக்குமா, குரைப்பதோடு நிற்குமா என்பதைப் பார்க்கத்தான் வேண்டும்.

இனி உன் பணம். மாணவர் விசாவில் படிப்பு நடக்கும் நாட்களில் வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது. 2025 ஏப்ரலில் 21 வயது நிரம்பியவர்களுக்கு வைத்த குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.21 பவுண்டாக இருந்தது. நான் சொன்ன அந்த 66 பவுண்டு டிக்கெட் என்பது அந்தக் கூலியில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் பெட்டி தூக்கிய காசு. உறுப்பினர் அட்டை எடுத்தால் டிக்கெட் கையில் வந்துவிடும் என்று நினைக்காதே, விண்ணப்பிக்கும் உரிமைதான் வரும். சீசன் டிக்கெட் பேச்சே வேண்டாம், காத்திருப்போர் பட்டியல் அவ்வளவு நீளம். வாட்ஸ்அப் குழுவில் "என்னிடம் ஒரு டிக்கெட் இருக்கிறது" என்று வருகிறவர்கள் பக்கம் தலைவைத்தும் படுக்காதே. அனுமதியில்லாமல் கால்பந்து டிக்கெட் விற்பது 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி இங்கே குற்றம். பெரும்பாலும் அந்த டிக்கெட்டே இருக்காது.

ஆகவே இந்தப் பருவம் அட்டை எடுக்காதே. படிப்பு முடிந்து முழுநேர வேலை கிடைத்த பிறகு எடு. ஆசை அடங்கவில்லை என்றால் பெண்கள் அணியின் ஆட்டத்துக்குப் போ, செலவு மிகக் குறைவு. ஓல்டு டிராஃபோர்டுக்கு என்றைக்குப் போனாலும் அதே பெயருள்ள டிராம் நிறுத்தத்தில் இறங்கிவிடாதே, அது கிரிக்கெட் மைதானத்து வாசல். வார்ஃப்சைடில் இறங்கினால் பக்கம்.

மோஸ்டனுக்கு ரோச்டேல் போகும் டிராமில் ஏறி 'நியூட்டன் ஹீத் அண்ட் மோஸ்டன்' நிறுத்தத்தில் இறங்கிக் கொஞ்சம் நடக்க வேண்டும். மழை தாங்கும் கோட்டு இல்லாமல் வராதே, குடை ஆட்டம் பார்க்க உதவாது. மாணவர் அடையாள அட்டையை எடுத்து வா. வருவதாக இருந்தால் முன்னாலேயே சொல், வண்டியில் ஏற்றிக்கொள்கிறேன். என் மகளும் வருவாள். அவள் யுனைடெட்டின் எதிரணியான மான்செஸ்டர் சிட்டியின் ரசிகை, வழியில் அந்தப் பேச்சை மட்டும் எடுக்காதே.